சந்தேகம் இருந்தால் கேளுங்கள்: அறிவியல் கூட்டத்தின் கேள்வி நேரம் பற்றி

1

2019 டிசம்பர் 26 வியாழக்கிழமை காலை. கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோயமுத்தூர் பக்கமிருந்து திண்டுக்கல் பக்கமாக இறங்கிப் போனது. இரண்டுக்கும் நடுவில் அமராவதிக் கரையில் கிடக்கிற எங்கள் மடத்துக்குளம் அந்தப் பாதைக்குள்ளேயே வந்தது. இப்படி ஒன்று ஊர் தேடி வருவது அபூர்வம் என்பதால் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கிரகணக் கண்ணாடிகள் வாங்கி வைத்து ஒரு மைதானத்தில் ஆட்களைக் கூட்டியிருந்தோம். எந்தப் பெரிய அமைப்பின் கிளையும் அல்ல நாங்கள். படித்ததைப் பேசிக்கொள்கிற ஒரு சின்னக் குழு, அவ்வளவுதான். ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் வளையலாக நின்றது. பிள்ளைகள் கத்தினார்கள். வழக்கம்போல நான் சிறியதாக ஒரு பேச்சுப் பேசினேன். ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, நிழல்தான் என்றேன். அதன் பிறகு வழக்கம்போல, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன்.

இந்த வாக்கியத்தை முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். சொல்லிவிட்டு ஒலிபெருக்கியின் ஒயரைச் சுருட்ட ஆரம்பிப்பதும் வழக்கம்தான். அன்றைக்கு வயல் வேலைக்குப் போகிற ஒரு வயசான அம்மா எழுந்து கேட்டார்: "ஏனுங் தம்பி, இதே தேதிலதானுங்களே கடல் வந்துது?"

கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. எங்களிடம் பதில் தயாராக இருந்தது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி, இன்றைக்கு அமாவாசை. நிலவுக்கும் சுனாமிக்கும் சம்பந்தமில்லை. அது கடலடியில் நடந்த பூகம்பத்தால் வந்தது. தேதி ஒன்றாக இருப்பது தற்செயல். நான் இதைத் தெளிவாகவே சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினார். ஆனால் உட்காரவில்லை. "அதில்லீங். கெரகணத்துக்கு நாளு, மணி, நிமிசம் வரைக்கும் சொல்றீங்கொ. அதைய ஏனுங் ஒருத்தரும் சொல்லலை? எந் தங்கச்சி குடும்பம் அன்னிக்கு வேளாங்கண்ணி போயிருந்துதுங்."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது, ஞாயிற்றுக்கிழமை. கடலே பார்க்காத உள்நாட்டு ஊர்களிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போன யாத்ரீகர்கள் பலர் அன்று திரும்பி வரவில்லை. மைதானத்தில் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகத்தில் இல்லை. பதிலாக இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போகிறது. தமிழில் அறிவியல் பேச்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாகப் பேச்சாளர்களின் வரலாற்றை எழுதுகிறார்கள். யார் எதை முதலில் தமிழில் சொன்னார், கலைச்சொல் யார் ஆக்கினார், பத்திரிகை யார் நடத்தினார் என்று. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கதையாடலில் வெறும் 'மக்கள்'. அவர்கள் என்ன கேட்டார்கள்? கேட்க விடப்பட்டார்களா? அவர்களுடைய எந்தக் கேள்வி அறிவியல் கேள்வியாக ஏற்கப்பட்டது, எது மூடநம்பிக்கையாக ஒதுக்கப்பட்டது? கேள்வி நேரத்தை வைத்து இந்த வரலாற்றைப் படித்துப் பார்த்தால் என்ன?

2

தொடக்கம் கடற்கரையில்தான். நவீன அறிவியல் நம்மிடம் கப்பலில் வந்தது என்பது உவமை இல்லை, நேரான உண்மை. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நிறுவிய வானோக்காலயத்தின் நோக்கங்களில் வானியலோடு புவியியலும் கப்பலோட்டமும் சேர்ந்தே இருந்தன. தீர்க்கரேகை சரியாகத் தெரிய வேண்டும், நேரம் சரியாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு கரை சேராது. அங்கே நட்ட கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் வாசகம் வெட்டினார்கள். தமிழில் எழுதினார்கள் என்பதில் நாம் பெருமைப்படலாம். யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்பது வேறு கேள்வி. கோட்டையில் பீரங்கி வெடித்து நேரம் சொன்னபோது அது துறைமுகத்துக்கும் வெள்ளையர் அலுவலகங்களுக்கும் சொன்ன நேரம். அதே கடலில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு வெள்ளி முளைக்கிற நேரமே போதுமானதாக இருந்தது.

அந்த வானோக்காலயத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போவதாக இருந்தது. அதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்தார். அந்த நிகழ்ச்சியை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பச்சையப்பன் மண்டபத்தில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவும் செய்தார். நம் பக்கத்தில் அச்சும் மேடையும் சேர்ந்து நடந்த பொது அறிவியல் பேச்சுக்கு இது ஒரு தொடக்கப்புள்ளி எனலாம்.

அந்த நூலின் வடிவம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது சித்தாந்தம் படித்த ஒரு பண்டிதருக்கும் வானியலாளருக்கும் நடக்கும் உரையாடலாக எழுதப்பட்டது. பண்டிதர் கேட்கிறார், வானியலாளர் விளக்குகிறார். ரகுநாதாச்சாரி பஞ்சாங்கச் சீர்திருத்தத்திலும் ஈடுபட்டவர். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். ஆகவே அவருடைய கேள்வியாளர் பண்டிதராக இருப்பது இயல்பு. கேள்வி கேட்கத் தகுதி உள்ளவன் ஏற்கனவே ஒரு சாஸ்திரம் கற்றவன். இரண்டு கணக்கு முறைகளுக்கு நடுவில் நடக்கிற பேச்சு அது. மூன்றாவது ஆள் ஒருவன் அந்தப் பக்கத்தில் நடமாடவே இல்லை. மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வானத்தைப் பார்த்தே தொழிலுக்குப் போய்வந்த ஒரு சமூகம் இருந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பேர் வைத்து, நீரோட்டத்தை நீவாடு என்று தனியாகப் பிரித்துப் பார்த்த சமூகம். அதைச் சாஸ்திரம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அதற்கு உரையாடலில் இடமும் இல்லை.

இதை ரகுநாதாச்சாரியின் குறையாகச் சொல்லவில்லை. 1874இல் அந்த மனிதர் செய்தது பெரிய காரியம். நான் சொல்ல வருவது, கேள்வியாளன் யார் என்பதை மேடையே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது என்பதை. இந்தத் தீர்மானம் பிறகு பல வேஷத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

3

கடற்கரைச் சமூகத்திலிருந்தே ஒருவர் மேடை ஏறினால் என்ன ஆகும்? ஆனதும் உண்டு. ம. சிங்காரவேலர் (1860–1946) சென்னையின் மீனவச் சமூகத்தில் பிறந்தவர். வழக்கறிஞர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் என்ற அளவில் அவரை எல்லோரும் அறிவோம். அதற்கு வெகு முன்னாலேயே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அவர் மகாபோதி சங்கக் கூட்டங்களை நடத்திக்கொண்டிருந்தார். அறிவியல் பேராசிரியரான பி. லட்சுமி நரசுவும் அந்த வட்டத்தில் இருந்தார். பௌத்தம் பேசுகிற இடத்தில் டார்வினும் பேசப்பட்டார். இன்றைக்கு இது விநோதமாகத் தெரியலாம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்ல விரும்பியவர்களுக்கு, உயிரினங்கள் படைக்கப்பட்டவை அல்ல, பரிணமித்தவை என்ற வாதம் வெறும் உயிரியல் செய்தியாக இருக்க முடியாது. வருணம் கடவுள் படைப்பு என்ற சொல்லாடலின் அடியிலேயே அது கை வைத்தது. அறிவியலும் சாதி எதிர்ப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் அது.

திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிற ஒரு சம்பவம் இங்கே பொருத்தமானது. இளம் வயதில், சைவப் பற்று மிகுந்திருந்த காலத்தில், இந்தப் பௌத்தக் கூட்டத்தைக் குலைக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். போன இடத்தில் சிங்காரவேலரின் டார்வின் பேச்சு அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவரிடமே டார்வினைப் பாடம் கேட்கிற மாணவராக ஆனார்.

இதை 'அறிவு வென்றது' என்ற நீதிக் கதையாக வாசிக்கிற வழக்கம் உண்டு. எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்தக் கூட்டம் குலைக்கக் கூடிய கூட்டமாக இருந்தது என்பதுதான் விஷயம். உள்ளே நுழையலாம், சத்தம் போடலாம், எதிர்க்கலாம். எதிர்க்க வந்தவனுக்கும் பதில் சொல்ல ஆள் இருந்தது. மண்டபச் சொற்பொழிவில் இது நடக்காது. அங்கே வருகிறவன் ஏற்கனவே மரியாதையாக உட்காரத் தெரிந்தவன். எந்தக் கூட்டத்தைக் கலைக்க யாருக்கும் தோன்றவில்லையோ அந்தக் கூட்டத்தில் யாருடைய நலனும் தொடப்படவில்லை என்று அர்த்தம்.

1930களில் சிங்காரவேலர் 'குடி அரசு' ஏட்டில் அறிவியல் கட்டுரைகளாக எழுதிக் குவித்தார். 1935இல் 'புது உலகம்' என்று சொந்தமாகவே பத்திரிகை தொடங்கினார். அந்த எழுத்தின் வேகத்தை மதிக்கிற நான் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் பிறந்த அந்தப் பெரியவர் பேசியதெல்லாம் உலகப் பேரறிவியல். பிரபஞ்சம், பரிணாமம், மனோதத்துவம். தன் சனங்களின் கடலறிவு அறிவியல் பேச்சின் பொருளாக அவரிடமும் வரவில்லை. மேடை ஏறியவன் மேடையின் மொழியைத்தான் பேச வேண்டியிருந்தது. கிராம்சி சொல்கிற, வர்க்கத்தோடு ஒட்டி வளரும் அறிவுஜீவி என்ற கருத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஒட்டி வளர்ந்த ஒருவர், ஒட்டியிருந்த இடத்தின் அறிவை விட்டுவிட்டுத்தான் பேச முடிந்தது என்பது நம் நிலைமையின் தனிச்சிக்கல்.

4

இனி எங்கள் பக்கம். கோயமுத்தூர் வட்டாரத்துக்கு அறிவியல் பேச்சு மில்லோடும் மோட்டாரோடும் வந்தது. ஜி.டி. நாயுடுவின் இயந்திரங்களை வேடிக்கை பார்த்த தலைமுறை உண்டு. ஜி.ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் தொடங்கிய 'கலைக்கதிர்' படித்து வளர்ந்த பள்ளி ஆசிரியர்கள் உண்டு. திராவிட இயக்கப் படிப்பகங்களில் ஒருத்தர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலில் ஐரோப்பியக் காப்பிக் கடைகளில் பொதுக்களம் உருவானதைச் சொல்கிறார். இங்கேயும் டீக்கடை இருந்தது, பத்திரிகை இருந்தது, வாதம் இருந்தது. கூடவே இரட்டைக் குவளையும் இருந்தது. கொங்கு நாட்டு டீக்கடைகளில் ஒரே செய்தியைக் கேட்டவர்கள் ஒரே குவளையில் குடிக்கவில்லை. பொதுக்களம் என்ற சொல்லை நம் ஊரில் எழுதும்போது 'பொது' என்பதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் எழுத வேண்டும்.

1962இல் கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் என்று வந்த அலை இந்தப் படத்தை மாற்றியது. இதை மறுப்பவன் நன்றி கெட்டவன். 1987இல் நாடு முழுக்க அறிவியல் கலைப்பயணம் போனது. அதே வருஷம் 'துளிர்' வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்போதுதான். மண்டபத்திலிருந்து அறிவியல் தெருவுக்கு இறங்கியது. பாட்டாக, நாடகமாக, 'மந்திரமா தந்திரமா' என்று வித்தை காட்டலாக இறங்கியது. எங்களைப் போன்ற சிறு குழுக்கள் அந்த உற்சாகத்தின் ஓரத்தில் முளைத்தவைதான்.

ஆனால் எங்கள் கூட்டங்கள் எங்கே நடந்தன? பஸ் நிற்கிற மெயின் ரோட்டுப் பக்கம், பள்ளிக்கூட மைதானம், கோயில் முன்னால் இருக்கிற வெட்டவெளி. காலனிக்குள் நாங்கள் மேசை போட்டது வெகு குறைவு. அவர்கள்தான் வர வேண்டும். வந்தால் ஓரமாக நிற்க வேண்டும். நிற்கச் சொன்னது யாரும் இல்லை. ஊர் ஏற்கனவே சொல்லி வைத்திருந்ததை நாங்கள் அழிக்கவில்லை, அவ்வளவே. இருளைக் கிழிப்பது பற்றிப் பாடிய மைதானத்தில் ஒரு கோடு இருந்தது. அது எங்கள் கண்ணில் படவில்லை.

1995 அக்டோபர் 24இல் சூரிய கிரகணம். வடக்கே முழுக் கிரகணம், நமக்குப் பகுதி. தீபாவளியை ஒட்டி வந்ததால் ஊரில் ஆட்கள் நிறைய. திருப்பூரில் வேலை பார்க்கிற பையன்கள் போனஸோடு வந்திருந்தார்கள். கிரகணத்துக்கு முந்தின சாயங்காலம் கூட்டம் போட்டோம். வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை எப்படிப் போகும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில், "சந்தேகம் இருந்தா கேளுங்க."

சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் எழுந்தார். கை முழங்கை வரைக்கும் நீலம் பாரித்துக் கிடந்தது. "சூரியனைப் பார்த்தா கண்ணு போயிருமுங்கறீங்கொ, சரி. அது வருசத்துல ஒரு நாளு. நாங்க தெனமும் சாயத் தொட்டில கைய வுடறமுங்களே, அதுல என்னங் போகும்?"

நான் சொன்ன பதில் இது: "அது வேற விஷயமுங்க. அதைப் பத்தித் தனியா இன்னொரு நாள் பேசலாம்."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. எனக்குச் சாயத்தின் வேதியியல் தெரியாது என்பது ஒரு காரணம். தெரியாது என்று மேடையில் சொல்லக் கூச்சம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நிஜமான காரணம்: கிரகணத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கோபம் வராது. ராகு வழக்குப் போட மாட்டான். பட்டறை முதலாளி அப்படியல்ல. எங்கள் கூட்டத்துக்கு மைக் செட் வாடகை கொடுக்கிறவர்களில் அவருக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். மூடநம்பிக்கையை எதிர்ப்பது செலவில்லாத துணிச்சல் என்பதை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இன்றைக்கு இதைச் சொன்னால் என் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நாங்கள் பேசாத அந்த அறிவியல் வேறு இடத்தில் தானாக வளர்ந்தது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குளமாகிவிட்டது. கீழ்ப்பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடத்த வேண்டி, தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை அவர்களே பேசக் கற்றார்கள். 'டி.டி.எஸ்.' என்பது தோட்டத்துப் பேச்சில் 'மழை', 'மாடு' போல ஒரு சொல்லானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னபோது அந்தச் சொல்லுக்கும் அதில் பங்கு இருந்தது. எந்த அறிவியல் கூட்டமும் அவர்களுக்கு அதைப் பாடம் நடத்திக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கிணறு கெட்டவனுக்குக் கேள்வி இருந்தது, கேள்வி இருந்தவன் அளவு கற்றான். சாயத் தொட்டியில் கை விட்டவருடைய கேள்வி மட்டும் அந்த வழக்கிலும் இல்லை. நிலமும் நீரும் வழக்காயின. நீலம் பாரித்த கை ஆகவில்லை.

5

மறுபடி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கிரகணத்தைச் சொன்னவர்கள் கடலை ஏன் சொல்லவில்லை?

பாடப்புத்தகப் பதில் ஒன்று உண்டு. கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிடலாம். பூகம்பம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இது சரி. ஆனால் பாதிதான் சரி. சுமத்ரா அருகே பூமி நடுங்கியது இந்திய நேரப்படி காலை 6.29க்கு. அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் பூகம்பம் நடந்த கால் மணி நேரத்துக்குள் அறிக்கை விட்டது, பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்று. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத்தில் நம் மையம் வந்தது 2007இல். தமிழ்நாட்டில் செத்தவர்கள் எட்டாயிரம் பேர் அளவில். அதில் ஆறாயிரம் பேர் அளவுக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில். ஆகவே 'அறிவியலால் சொல்ல முடியாது' என்பது பதிலாகாது. நடுங்கியது தெரிந்திருந்தது. தெரிந்த இடத்துக்கும் கரைக்கும் நடுவில் வழி இல்லை.

ஒரு ஊருக்கு மட்டும் வழி இருந்தது. புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்து வந்தது. கணினி, தொலைபேசி, கூடவே கடற்கரை ஊர்களில் ஒலிபெருக்கி. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாமா கூடாதா என்று கேட்பவனுக்கு அது நேரான பதில். அங்கே டார்வின் இல்லை, கோள்கள் இல்லை. ஒரே ஒரு கேள்வி, கேட்பவனுடைய சொந்தக் கேள்வி, தினமும் பதில் பெற்றது.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுமத்ரா செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஓடுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3600 பேர் வசித்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்தச் சம்பவத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாக நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நான் அதில் பார்ப்பது மூன்று விஷயம். நல்லவாட்டில் யாரும் சுனாமி பற்றிச் சொற்பொழிவு கேட்டிருக்கவில்லை. அந்தச் சொல்லே அன்றைக்குத் தமிழ்நாட்டில் பலருக்குப் புதிது. இரண்டாவது, எச்சரித்தது நிபுணர் அல்ல, பிழைக்கப் போன ஊர்க்காரர். மூன்றாவது, அந்த ஒலிபெருக்கியில் கடலைப் பற்றி வருகிற சொல் நம்பத் தகுந்தது என்ற பழக்கம் ஏற்கனவே உண்டாகியிருந்தது. பழக்கம் உண்டானது அவர்களுடைய கேள்விக்கு அது நாள்தோறும் பதில் சொல்லி வந்ததால். இன்னொன்றும் உண்டு: பூட்டை உடைத்து எடுக்கலாம் என்கிற அளவுக்கு அது தங்களுடையது என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் மடத்துக்குளத்து மைக் செட்டை அப்படி உடைத்து எடுக்க யாருக்காவது தோன்றியிருக்குமா? காலனிக்காரர் ஒருவர் உடைத்திருந்தால் ஊர் என்ன செய்திருக்கும்?

வாசகர் கேட்கலாம்: அப்படியானால் கிரகணமும் பரிணாமமும் பேசவே வேண்டாமா, அலை உயரமும் உப்பு அளவும் மட்டும் போதுமா? அப்படிச் சொன்னால் அது வேறு ஒரு மோசடி. தனக்கு உடனே பயன்படுவதைத் தவிர ஏழைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்வது, வானத்தைப் படித்தவனுக்கே எழுதிக்கொடுப்பது. அந்த அம்மா கிரகணம் பார்க்கத்தான் வந்தார். கண்ணாடியைத் திருப்பித் தர மனசில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார். சிங்காரவேலரின் கூட்டத்தில் டார்வின் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அந்தப் பேச்சு வந்தவனின் பிறப்பைத் தொட்டதுதான். எந்தப் பொருளைப் பேசுகிறோம் என்பது இரண்டாவது விஷயம். கேட்பவன் எழுந்து நின்று அதைத் தன் வாழ்க்கையின் பக்கம் திருப்பும்போது மேடை என்ன செய்கிறது என்பதுதான் முதல் விஷயம். "சம்பந்தமில்லை" என்பதும், "இன்னொரு நாள்" என்பதும் மேடையின் இரண்டு தற்காப்புகள். இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

கிரகணம் முடிந்து சில வாரம் கழித்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து நல்லவாட்டுக் கதையைச் சொன்னேன். இரண்டரை மணி நேரம் இருந்தது என்பதையும், அமைப்பு இல்லை என்பதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்: "வேளாங்கண்ணிக்கு ஒருத்தரும் போனு பண்ணலீங்களா?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொன்னேன். முப்பது வருஷத்தில், கேள்வி கேட்ட ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது நாங்கள் கூட்டம் போட்டால் பேச்சுக்கு முன்னால் கேள்விகளை வாங்கிவிடுகிறோம். சாயம், பூச்சிமருந்து, சர்க்கரை நோய், பஞ்சு மில்லுக்குப் போகிற பெண்ணுக்கு வருகிற இருமல் என்று வருகின்றன. பாதிக்கு மேல் எங்களுக்குத் தெரியாது. மேசையைக் காலனிக்குள் போட்டது இதுவரை மூன்று தடவைதான். முதல் தடவை ஊர்க்காரர்கள் யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை நாலு பேர் வந்து ஓரமாக நின்றார்கள்.